நீ போடாத கையெழுத்து

பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு. பட்டறையில் ஒரு லாரியின் பின்கதவுச் சட்டத்தை அளந்துகொண்டிருந்தேன். போனில் ஒரு படம் வந்தது. மஞ்சள் சேலையில் மைக்கைப் பிடித்தபடி நீ. சுற்றிலும் பூமாலை, கீழே 'கண்ணீர் அஞ்சலி'. அனுப்பியது யாரென்று தெரியவில்லை. படத்தின் ஓரத்தில் நீல மையில், சாய்வாக, உன் கையெழுத்து.

அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நீதான் யாருக்கும் கையெழுத்துப் போட்டதே இல்லையே. கையெழுத்து பொய் என்றால் படமும் பொய், செய்தியும் பொய். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அளந்தேன். உன் அப்பா கூப்பிடும்வரை அளந்துகொண்டே இருந்தேன். தம்மம்பட்டிக் கச்சேரி முடிந்து திரும்பிய வேன் புளியமரத்தில் மோதியதை அவர்தான் சொன்னார்.

அதே கையெழுத்து இப்போது என் மேசைமேல் கட்டாகக் கிடக்கிறது. உங்கள் இசைக்குழுவை நடத்தும் கீபோர்டு அண்ணன் நேற்றுக் கொண்டுவந்து வைத்தார். இன்று மாலை நாமக்கல்லில் உனக்கு நினைவுக் கச்சேரி. நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படங்களாம். ரசிகர்கள் திருப்பித் தந்திருக்கிறார்களாம். மேடை முழுக்க மாட்டப் போகிறார்கள்.

"மாப்ள, நீங்க மேடை ஏறி, இதெல்லாம் அந்தப் புள்ள போட்டதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. சனத்துக்கு ஒரு ஆறுதலா இருக்கும்."

நான் தலையாட்டவில்லை. இத்தனை பேரும் பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது நீ என்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும். நீ போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. இந்தக் கணக்கு மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது.

உன்னைப் பெண் பார்க்க வெண்ணந்தூருக்கு வந்தபோது நீ டிவி பாட்டுப் போட்டியில் பாடி முடித்திருந்தாய். தனியாகப் பேச விட்டார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், பட்டறை ரசீது ஒன்றின் பின்பக்கத்தை நீட்டி ஆட்டோகிராப் கேட்டேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

"பாடறது வாயிங்க. கைக்கு எதுக்கு மரியாதை?"

அன்று வெளியே போய் நான் சம்மதம் சொன்னதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ராசிபுரம் தேர்த் திருவிழா ஞாபகம் இருக்கிறதா? கச்சேரி முடிந்து மேடையை விட்டு இறங்கியதும் பையன்கள் நோட்டும் பேனாவுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். நீ வழக்கம்போல ஒவ்வொருவன் பெயரையும் ஊரையும் கேட்டாய், பேனாவைத் தொடவில்லை. ஒருவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டிவில மூஞ்சி வந்ததும் கையி கூசுதாக்கும்?"

"கூசலைங்கண்ணா, சுளுக்கு. நீங்க நீவி உடறீங்களா?"

கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. வண்டியில் திரும்பும்போது நான் உன்னைக் கடிந்துகொண்டேன். ஒன்று கிறுக்கிக் கொடுத்தால்தான் என்ன, தலைக்கனம் என்றல்லவா பேசுவார்கள் என்றேன். நீ என் முதுகில் சாய்ந்தபடி சொன்னாய்: "உங்களுக்கே போடலைங்க மாமா, அவிங்களுக்குப் போடுவனா?"

அதை நான் வாக்காக எடுத்துக்கொண்டேன்.

இப்போது யாரைப் பார்த்தாலும் சந்தேகம். துக்கம் விசாரிக்க வருகிறவர் அழுதால், அவர் கையில் போன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கிறேன். 'எங்கிட்ட நல்லாப் பேசும்ங்க' என்பவரிடம் எப்போது, எங்கே என்று கேட்கிறேன். உன் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, "சாமி, வந்தவிங்களப் போலீஸ்காரனாட்டம் கேள்வி கேக்காதீங்க" என்றார்.

இன்று காலை அந்தக் கட்டிலிருந்து இரண்டு படங்களை எடுத்து, கையெழுத்தின்மேல் கையெழுத்து வருமாறு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மயிரிழைகூடப் பிசகவில்லை. மூன்றாவதும் அப்படியே. மனிதக் கை ஒரே கோட்டை இரண்டு முறை ஒரேபோல் இழுக்காது. எங்கள் பட்டறையில் இரண்டு கதவுகள் அப்படிப் பொருந்தினால், இரண்டும் ஒரே அச்சில் வைத்து வெட்டியவை.

கீபோர்டு அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். "அண்ணா, ஸ்டாம்பு எங்க இருக்குது?"

"என்னங்க மாப்ள பண்றது? அந்தப் புள்ள போடமாட்டேங்குது, சனம் என்னையப் புடிச்சு வையுது. ரப்பர் ஸ்டாம்பு ஒண்ணு பண்ணி வேனுக்குள்ள வெச்சிருந்தேன்."

"எழுத்து யாருது?"

"என்ற மச்சினிச்சி எழுதுனதுங்க. அது எழுத்து மணிமணியா இருக்கும்."

"இவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா என்ற கீபோர்டையே ஒடச்சிருக்கும். மாப்ள, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுக்குடுங்க. சனம் நம்பி வருது."

போனை வைத்துவிட்டேன். பொய் சொன்னது நீ இல்லை. இத்தனை நாளில் அப்போதுதான் எனக்குப் பசித்தது. சாப்பிட்டேன்.

கை கழுவும்போது வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். பரமத்தி வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தாராம். வெற்றிலை அடுக்கிக் கட்டும் வேலை. ஒரு கவுளி வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து உன் படத்தின் முன் வைத்தார். திரும்பி என்னிடம், "எனக்கு ஒருக்காக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சுங்க" என்றார்.

அவரும் அந்தக் கூட்டம்தான் என்று நினைத்தேன். "காட்டுங்க" என்றேன்.

"இல்லீங்களே. எங்கூருக் கச்சேரியில எங்கிட்டப் பேப்பரு இல்லைங்க. மடியில வெத்தலதான் இருந்துச்சு. கொண்டையூசியில அது மேலயே எழுதிக் குடுத்துச்சு."

"அந்த வெத்தல?"

"மென்னுட்டனுங்க."

"அப்ப எப்படிங்கம்மா நம்பறது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடு என்பதால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "மென்னதுக்குச் சாட்சிக்கு எங்கீங்க போறது? அந்தப் புள்ளதான் மென்னு திங்கச் சொல்லுச்சு. 'பாடுனது வாயிதானுங்கக்கா, கைக்கு எதுக்கு மரியாதை? வாயிலயே போட்டுக்கங்க'ன்னுச்சு."

அது உன் வாக்கியம். எனக்கு மட்டும் சொன்னது என்று நான் நினைத்திருந்த வாக்கியம். அவருக்குப் போட்டிருக்கிறாய். எனக்குப் போடவில்லை. அந்த அம்மா காபி குடித்துவிட்டு "போய்ட்டு வாரனுங்க" என்று கிளம்பும்வரை எனக்கு அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகுதான் அந்தக் கதவு ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் பட்டறைக்கு எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாய். ஒரு லாரியின் கேபின் கதவுக்கு அப்போதுதான் செங்காவி ப்ரைமர் அடித்திருந்தோம், காயவில்லை. நீ குனிந்து, கதவின் கீழ் மூலையில் சுண்டுவிரல் நகத்தால் உன் பெயரை எழுதினாய். பெயிண்டர் கத்தினார்.

"ஏம்மா, காயறதுக்குள்ள கைய வெக்கிறியே!"

"மேல பச்சை அடிச்சுருவீங்கல்லங்கண்ணா? அடியில இருந்துட்டுப் போகுது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் பச்சை அடித்தோம். முட்டை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி வடக்கே எங்கோ போய்விட்டது.

ஈரமான ப்ரைமரில் விழுந்த கீறல் மேலே பெயிண்ட் அடித்தால் போகாது. அடியில் அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரிந்த விஷயம், என் தொழில். பைபாஸில் இனி ஒவ்வொரு பச்சைக் கதவையும் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுவேன் என்று நினைக்கிறேன். அந்த வண்டி என்றாவது பட்டறைக்குத் திரும்பினால், அந்த மூலையில் மட்டும் யாரையும் சுரண்ட விடமாட்டேன்.

மணி ஐந்தாகப் போகிறது. அண்ணன் விடாமல் கூப்பிடுகிறார். மேடையில் மைக் தயாராம், நான் வந்து அந்த ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அசல் என்று சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை மேடையில் மாட்ட முடியாது.

போனை அணைத்துவிட்டேன்.