வயலின் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்

மைசூரு,
நவம்பர் 9

அன்பு மகள் ஜெசிகாவுக்கு அப்பா எழுதுவது. என் வலது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். அந்த லீட்ஸ் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதா துணை நிற்கட்டும். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் திருத்துவாள், அதனால்தான் கடிதம்.

சர்ச் பாடகர் குழுவில் இனி நான் பாட வேண்டாம், வாசலில் நின்று பாட்டுத்தாள் கொடுத்தால் போதும் என்று மாஸ்டர் ஆலன் சொன்னது உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் பாடினவனுக்கு இந்த மரியாதை. பாடத்தானே கூடாது, வாசிக்கக் கூடாதென்று சொல்லவில்லையே என்று நான் வயலின் கற்றுக்கொள்ள முடிவு செய்தேன். கிறிஸ்துமஸுக்குள் குழுவில் எனக்கு மறுபடி ஒரு நாற்காலி வேண்டும், ஆசை அவ்வளவுதான். அறுபத்து நாலு வயதில் இதென்ன கூத்து என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடையில் மலிவாக ஒன்று பளபளவென்று தொங்கியது. கடைக்காரர் சுருதி சேர்த்துக் கையில் கொடுத்தார், நான் கடை வாசலுக்கு வருவதற்குள் நாலு கம்பியும் தளர்ந்துவிட்டது. அந்த மனிதரே மனசு கேளாமல், புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த விலையில புதுசு வேணாம் சார், நல்ல கையில இருந்த பழசா பாருங்க என்று ஒரு போன் நம்பர் கொடுத்தார்.

அது அக்ரஹாரத்தில் நஞ்சுண்டசாமி, உமாதேவி என்ற தம்பதியின் நம்பர், கொள்ளேகால் பக்கத்துக்காரர்கள். வயலின் அவர்கள் மகள் வைஷாலி எட்டு வருஷம் வாசித்தது, அவள் வேலைக்காகப் புனே போய்விட்டாள். விலை என்ன என்று கேட்டேன். அது கடைசிப் பேச்சுங்க, மொதல்ல உங்க ஊட்டைப் பார்க்கோணும், புள்ள கையில வளர்ந்ததைக் கண்ட எடத்துக்குக் குடுக்க மாட்டமுங்க என்று சொல்லிவிட்டார் அந்த அம்மாள். சொன்னபடியே போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் வந்து இறங்கினார்கள், பூ பழத் தட்டும் நடுவில் வயலின் பெட்டியுமாக. நான் மீசைக்கு மை தீட்டி, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன், பொத்தான்தான் போட முடியவில்லை. உன் அம்மா கேசரியும் பஜ்ஜியும் செய்தாள். பென்ஷன் எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா, மழைக்குச் சுவர் ஈரம் வாங்குமா, ஆணியில் மாட்டிவிடுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நஞ்சுண்டசாமி என் இடது கையை வாங்கி விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார். பிறகு ஒரு வரி பாடச் சொன்னார்கள். பாடினேன். உமாதேவி அம்மாளின் கேசரி ஸ்பூன் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஊட்டுக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்லி அனுப்பறமுங்க என்று எழுந்துவிட்டார்கள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா!

மூன்றாம் நாள் நஞ்சுண்டசாமி போன் செய்தார். தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்கு வேண்டாமுங்க, ஆனா உங்க ஊட்டம்மா தட்டெடுக்க வந்தப்ப கையை முந்தானையில தொடச்சுக்கிட்டு ஒத்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தாங்க, அந்தச் சத்தத்தையே முணுமுணுத்துக்கிட்டு உள்ளே போனாங்க, சுருதி துளி விலகலைங்க, அவிங்களுக்குன்னா நாளைக்கே குடுக்கறமுங்க என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் தங்கையைக் கேட்டது போல ஆகிவிட்டது என் நிலைமை. நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வயலின் வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஜெசி, கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில், உனக்கு எது பிடிக்கும் என்று புடவைக் கடையைத் தவிர வேறெங்கேயும் நான் அவளைக் கேட்டதில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

விலை கடையில் பார்த்ததைவிடக் குறைவு. கொடுக்கும்போது உமாதேவி அம்மாள் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், உன் அம்மாவும் அழுதாள், நடுவில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டு விருந்துக்கு ஐந்து பேரும் வருகிறார்கள். இப்போதைக்கு உன் அம்மா வில் போடுவது கதவு கீல் சத்தம் மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் ஆலன் கேள்விப்பட்டு, அவங்க வரட்டும் அங்கிள், நீங்க பக்கத்துல சும்மா உட்காருங்க என்று சொல்லிவிட்டான். நாற்காலி கிடைத்துவிட்டது, வாயைத்தான் திறக்கக் கூடாது.

நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவர் உன்னையும் உன் கையால் மருந்து வாங்கும் நோயாளிகளையும் காப்பாற்றட்டும். ஒன்று மறக்காதே, தினமும் உன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீ போன் செய்யும்போது இங்கே மாலை ஆறு மணி, அதுதான் உன் அம்மாவின் வகுப்பு நேரம். நேரத்தை மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், அவள் புரிந்துகொள்வாள் என்றாள். இனி நான்தான் எடுப்பேன். எடுத்ததும் அம்மாகிட்ட குடுங்கப்பா என்று சொல்லாதே, என்னோடும் கொஞ்சம் பேசு.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அப்பா,
ஸ்டானிஸ்லாஸ்