போட்டியின்றி

மார்ச் 3

தம்பிக்கு,

நம் தொகுதியின் வரலாற்றிலிருந்து அப்பாவைத் துடைத்துப் போட்டுவிட்டாய். ஒழிக்கப்பட்ட நம் நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றி நீ எழுதி, அச்சாகும் முன் அனுப்பிய புத்தகப் படியைப் படித்தேன். அதன் கடைசித் தேர்தலுக்கு நீ கொடுத்தது ஒரே வரி: 'போட்டியின்றித் தேர்வு.'

போட்டி இருந்தது. ஆற்றுக்கு அந்தக் கரை ஒரு தொகுதி, இந்தக் கரை இன்னொரு தொகுதி என்று நம்மைக் கூறுபோடப் போகிறார்கள் என்றதும், ஏன் என்று கேட்க எதிர்த்து வேட்புமனுப் போட்டவர் பூட்டுக் கடைக்காரரான நம் அப்பா ஒருவர்தான். பழக்கதோஷத்தில் ஊர் கூப்பிடும் பெயரையே கையெழுத்தாகப் போட்டார்: சாவி.

"சாவின்னு ஒரு பேராய்யா? வாக்காளர் பட்டியல்ல வேற பேரு இருக்கே?" என்றார் அதிகாரி.

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நானே திரும்ப மாட்டேன் சார். இந்தத் தொகுதியில என்னைத் தெரியாத கதவு உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். மனுவைத் தள்ளினார்கள். அப்பா பக்கத்தில் நான் நின்றேன். நீ வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனாலும் அதன் பிறகு தேர்தல் சட்டத்தை நானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்த வரியை மாற்று.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி வலி எப்படி இருக்கிறது? மத்தியானத்திலாவது அப்பாவின் கடையைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் படு.

சட்டம் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மனு தள்ளுபடியானவர் வேட்பாளர் ஆக மாட்டார். அந்தச் சொல்லை மாற்ற வழியில்லை. பதிப்பாளரிடம் கெஞ்சி ஓர் அடிக்குறிப்புக்கு இடம் வாங்கியிருக்கிறேன். மனு நிராகரிக்கப்பட்டது என்று, வாக்காளர் பட்டியலில் உள்ள அப்பாவின் பதிவுப் பெயரோடு வரும். விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்பாயே, அது எனக்கு மட்டும்தானா?

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

முட்டி அப்படியேதான். எனக்கும் அலுத்துவிட்டது. 'போட்டியின்றி' இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பதிவுப் பெயரைப் போட்டால், "யாரும்மா இது?" என்று என்னிடமே வந்து கேட்பார்கள். சாவி என்ற பெயருக்காக அதிகாரி அவரை ஒருமுறை தள்ளியது போதும். மகனும் தள்ள வேண்டாம்.

இனி ஆக வேண்டியது இவ்வளவுதான். அடிக்குறிப்பில் சாவி என்று நீ எழுத வேண்டும். பதிப்பாளர் அதற்கு மேற்கோள்குறி போடாமல் இருக்க வேண்டும். புத்தகம் வந்ததும் இரண்டு கரை நூலகங்களிலும் நான் கொண்டுபோய் வைக்க வேண்டும். இங்கே வீட்டில் உன் அறைப் பூட்டு துருவேறிக் கிடக்கிறது, சாவி போட்டால் என் கைக்குத் திரும்ப மறுக்கிறது. அதற்கு எண்ணெய் விட நீதான் வர வேண்டும்.

அக்கா