கேட் பாஸ் பிரிண்டரும் நாலு காகிதமும்

ஜூன் 3, திங்கள்
காலையிலேயே அனல் காற்று. திருச்சுழி பஸ் முழுக்கப் புழுதி.

மில் ஆபீஸில் சர்வர் லினக்ஸ், ஆறு டேபிளிலும் விண்டோஸ். பிரிண்டர் ஒன்றே ஒன்று, மேனேஜர் அறை வாசலில். கேட் பாஸ் அச்சாகாமல் நூல் லாரி நகராது.

மேனேஜர்: "வெள்ளிக்குள்ள எல்லா டேபிள்ல இருந்தும் பிரிண்ட் வரணும் பாய். வந்துட்டா பெர்மனென்ட்."

வந்தால் ஊரோடு இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடி சவூதி. பதினோரு வருஷம் போதாதா?

மகள் நூருக்கு நோட்டு அட்டை - மறக்கக் கூடாது.

ஜூன் 4, செவ்வாய்
பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் பொருந்தவில்லை. தாளுக்கு ஒரு வரி, புரியாத எழுத்து. நாற்பது தாள் வீண்.

பில் போடும் முத்துலட்சுமி அக்கா: "பாய், இது அரபியா? வாசிச்சுச் சொல்லுங்க!"

நானும் சிரித்தேன். உள்ளே எரிச்சல். சர்வரில் பிரிண்ட் வரிசையை நிறுத்தி வைத்துவிட்டு, டிரைவரை மாற்றினேன்.

வீண் தாள்கள் வீட்டுக்கு. பின்பக்கம் வெள்ளை, நூர் படம் வரைவாள். "அத்தா, இனிமே போக மாட்டீகள்ல?" என்றாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூன் 5, புதன்
'அனுப்பியாச்சு' என்கிறது கம்ப்யூட்டர். பிரிண்டரில் மூச்சே இல்லை.

சோதிக்க, லேப்டாப்பில் கைக்குக் கிடைத்த ஃபைல். போன மாதம் மனசு விட்டுப்போய், சவூதி வேலை கேட்டு மதுரை ஏஜெண்டுக்காக எழுதிய பயோடேட்டா. நாலு தடவை அனுப்பினேன். அதுவும் வரவில்லை.

ஜூன் 6, வியாழன்
லாரி டிரைவர்: "அண்ணே, லோடு ஏத்தி மூணு மணி நேரமாச்சு. கையில எழுதியாவது குடுங்கண்ணே."

எழுதிக் கொடுத்தேன். வெட்கம். எனக்கு ஒன்றும் தெரியாது என்றே தோன்றுகிறது.

ஜூன் 7, வெள்ளி
மழை இருட்டு. பெய்யவில்லை.

காரணம் கிடைத்தது. நான்தான். செவ்வாயன்று நிறுத்திய வரிசையைத் திறந்துவிடவே இல்லை. ஒரே கட்டளை. பிரிண்டர் உறுமியது. தேங்கிக் கிடந்ததெல்லாம் வரிசையாக வந்தது. அக்கா கை தட்டினார்.

பயோடேட்டா ஞாபகம் வந்து ஓடினேன். நாலு தாளும் மேனேஜர் கையில்.

"அது போன மாசம் எழுதுனது சார்."

"பிரிண்டு நல்லா விழுந்துருக்கு பாய். ஆனா கெளம்புற ஆளுக்கு எப்படிப் பெர்மனென்ட் போடுறது? சொல்லிருக்கலாம்ல."

திங்கள் முதல் என் இடத்தில் வேறு ஆள்.

எல்லா டேபிளிலும் பிரிண்டர் வேலை செய்கிறது.

பஸ்ஸில் எழுதுகிறேன். அட்டை வாங்கவில்லை. நூர் வாசலிலேயே பையைப் பிடுங்கி, பின்பக்கம் வெள்ளையான தாள் இருக்கிறதா என்று பார்ப்பாள். நாலு இருக்கிறது.