உதட்டசைவு

மார்ச் 4, புதன்

டப்பிங்குக்கு ஆள் கூப்பிடுகிற தம்பி போன் செய்தான். என் வீட்டுக்காரர்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "அக்கா, நாளைக்குக் காலையில ஒரு அம்மா வேஷம் இருக்கு, வந்துடுங்க." அப்புறம் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். "ஐயோ, சாரிக்கா, பழக்கதோஷம்" என்று வைத்துவிட்டான். கட்டியோடு என் குரல்வளையையும் வெட்டி எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவனுக்கு இன்னும் மனதில் பதியவில்லை. எனக்கு மட்டும் பதிந்துவிட்டதா என்ன? சிரித்தேன். காற்றுதான் வந்தது, அதுவும் கழுத்து ஓட்டை வழியாக.

மார்ச் 8, ஞாயிறு

சமையலறையிலிருந்து இவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிற மனுஷனை எப்படிக் கூப்பிடுவது? தட்டைத் தரையில் போட்டேன். பதறிப்போய் வந்தார். வாயசைத்துச் சொன்னேன், புரியவில்லை. திரும்பச் சொன்னேன், புரியவில்லை. "எழுதித் தொலையேன்" என்றார்.

எழுதிக் காட்டக் கையோடு வைத்திருக்கிற பலகையை வீசி எறிந்தேன். எத்தனை பொம்பளைங்களுக்குப் பேசியிருப்பேன்! அழுதிருக்கேன், திட்டியிருக்கேன், தாலாட்டியிருக்கேன் — எனக்குன்னு ஒரு வார்த்தை மிச்சமில்லையா?

கெட்ட மனுஷன் இல்லை. பலகையை அவர்தான் பொறுக்கி வைத்தார்.

மார்ச் 12

ஒன்றுமில்லை. எழுதவும் பிடிக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

கட்டு மாற்ற ஆஸ்பத்திரி. காத்திருந்த இடத்துக்கு எதிரே வார்டு, கதவு திறந்திருந்தது. தொண்டையில் குழாய் போட்ட ஒரு பெரியவர். அவர் மனைவி குனிந்து குனிந்து கேட்கிறார்: "தண்ணியா? வலிக்குதா? பெரியவன வரச் சொல்லவா?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்டுகிறார், வாயும் அசைகிறது. எனக்கு அது அச்சடித்த மாதிரி தெரிந்தது. பொறுக்க முடியாமல் உள்ளே போய்ப் பலகையில் எழுதிக் காட்டினேன்: கால் ஜில்லென்று இருக்கிறதாம்.

போர்வை விலகித்தான் கிடந்தது. இழுத்துவிட்டதும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

மார்ச் 17

எப்படிக் கண்டுபிடித்தேன்? ரெக்கார்டிங் அறையில் திரை ஓடியதும் முதலில் பார்ப்பது வாயைத்தானே. எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது — அது பிடிபட்ட பிறகுதான் குரல். தாளில் இருக்கிற வசனம் வாயில் உட்காராவிட்டால், எது உட்காரும் என்று நானே மாற்றிச் சொல்லுவேன். அதற்கெல்லாம் யாரும் கை தட்டியதில்லை. "என்ன குரல்!" என்பார்கள். நானும் என்னிடம் இருப்பது குரல் மட்டும்தான் என்று நம்பிவிட்டேன். கண்ணும் இத்தனை காலம் கூடவே உழைத்திருக்கிறது.

சந்தோஷமா? இல்லை. போனது போனதுதான்.

மார்ச் 20, வெள்ளி

நர்ஸ் பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டாராம். தினமும் காலையில் வார்டுக்கு வர முடியுமா, சம்பளம் உண்டு என்று இவரிடம் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பேச முடியாதவர்களுக்கு நடுவில் பேச முடியாத இன்னொருத்தியா?

"போயிட்டு வாயேன்" என்றார் இவர். "வீட்டுல உக்காந்து என்னை மொறைச்சுக்கிட்டு இருக்கறதுக்கு அது தேவலை."

முறைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

வேலையில் சேர்ந்த முதல் வாரம். பெரியவர் இன்று நீளமாகப் பேசினார். எழுதி நீட்டினேன். அந்த அம்மாவுக்குக் கண்ணீரில் எழுத்துப் பிடிபடவில்லை. நர்ஸ் வாங்கி வாசித்தார்: "ஏ கெழவி. இவங்க குத்துனது போதும். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

மருந்துச் சீட்டு படிக்கிற குரல். அந்தக் "கெழவி"யை எவ்வளவு செல்லமாக இழுத்தார் மனுஷன்! நடுவில் ஒரு சிரிப்பு, முடிவில் ஒரு கெஞ்சல். எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும், சொல்லத்தான் முடியாது. வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. கழிப்பறைக்குப் போய் அழுதேன். சத்தமே வராத அழுகைக்குக் கதவைச் சாத்த வேண்டியதில்லை, இருந்தாலும் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 28

பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

அந்த அம்மா தனியாக வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"நாலு நாள் இருந்தாரும்மா. ராத்திரியெல்லாம் எதையோ சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீ இல்லாம எங்களுக்கு ஒண்ணும் புரியல. இதோ, இப்படித்தான்…" என்று சத்தமில்லாமல் தன் உதட்டை அசைத்துக் காட்டினார். மறுபடியும் காட்டினார். அவர் கணவரின் வாய் அப்படியே அந்த முகத்தில் இருந்தது.

ஒரு நொடியில் படித்துவிட்டேன். எழுதத்தான் கை வரவில்லை. இதைவிட நல்ல வசனமாக ஒன்றை உட்கார வைத்திருக்கலாம், அது எனக்குக் கைவந்த வேலை. மனசு ஒப்பவில்லை. பெரியவர் சொன்னதையே எழுதினேன்: நீ தூங்கு, போ.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே படித்தார். "இதையா சொன்னாரு?" என்றார். "நான் கண்ணே மூடலையேம்மா. என்ன கேக்கறாரோன்னு அந்த வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும் இவரைப் பிடித்து எதிரே உட்கார வைத்தேன். பலகையை எடுக்கவில்லை. இவர் என் கண்ணையே பார்த்தார். மோவாயைப் பிடித்துக் கொஞ்சம் இறக்கி, வாயைப் பார்க்க வைத்தேன். மெதுவாக அசைத்தேன். நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு தடவை அசைத்தேன்.

"சாப்ட்டேன்" என்றார். "நீ?"