கொம்பனின் தலைக்கவசம்

10-6-96, திங்கள்

காலையிலிருந்து மேல்காற்று. சுடுமண் பொம்மைப் பட்டறையின் கூரைத் தகரம் ஓயாமல் படபட. மதியத்துக்கு மேல் கரண்ட் இல்லை, சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வரும் வழியில் சோப்பு, தீப்பெட்டி. பால் வாங்க மறந்தேன்.

வீட்டில் நான் மட்டும். கலா ஸ்ரீமுஷ்ணத்தில், அவள் அம்மா வீட்டில். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்த பிறகு போனவள். ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். குளிக்கிறாள், சாப்பிடுகிறாள். என்னோடு பேசுவதில்லை.

வீடியோ கேம் பெட்டியைத் தூசி தட்டி டிவியில் மாட்டினேன். கல்யாணமான புதிதில் பாண்டிச்சேரியில் வாங்கியது. கேசட் மேல் இருப்பது ஜப்பான் எழுத்தா, சீன எழுத்தா, தெரியாது. அதனால் கலாவே பெயர் வைத்தாள், கொம்பன் என்று. மூன்று கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு வாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். "இந்த மாதிரி ஒண்ணு இருந்தா போட்டுக்கினு மார்க்கெட்டுக்குப் போவேன்" என்பாள்.

செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. மண் இருக்கிறது. நேரமும்.

11-6, செவ்வாய்

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கொம்பன் முகம் பெரிதாக வரும். அங்கே ஆட்டத்தை நிறுத்தி, டிவி கண்ணாடி மேல் பட்டர் பேப்பர் வைத்துக் கோடு போட்டேன். பக்கத்தில் போனால் தலைக்கவசமே இல்லை, சாம்பல் நிறச் சதுரங்கள்தான். கதவோரம் தள்ளி நின்றால் தெரிகிறது. போய்ப் பார்ப்பதும் வந்து வரைவதுமாகக் கால் வலி.

கண் துவாரத்தைச் சுற்றிப் பச்சையா, நீலமா? எங்கள் டிவியில் எல்லாமே கொஞ்சம் பச்சை.

13-6, வியாழன்

மண்ணில் உரு முடிந்தது. என் தலை அளவு. சூளை பார்க்கும் செல்வராசு அண்ணன் வந்திருந்தார்.

"இன்னாய்யா இது, அய்யனாருக்கா?"

"இல்லண்ணே. வீடியோ கேம்ல வர்றது."

"அதுக்கு எதுக்குய்யா இவ்ளோ மெனக்கெடுற?"

ஈரத் துணியால் கொம்பைத் தடவினேன். "காயட்டும், சூளைல வெச்சு எடுத்துத் தரேன்" என்றார்.

16-6, ஞாயிறு

ஸ்ரீமுஷ்ணம். பஸ்ஸில் கூட்டம். அத்தை கோழிக் குழம்பு வைத்திருந்தார். கலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எழுப்பவில்லை. திரும்பி வந்தேன்.

20-6, வியாழன்

சூளையிலிருந்து வந்தது. நடுக்கொம்பு தனியாக, நெற்றியில் விரிசல். சுட்டதில் சுருங்கி என் தலைக்குப் பத்தவும் இல்லை. முழுதாக வந்திருந்தாலும் அந்தக் கனத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. அண்ணன்தான் ரொம்ப வருத்தப்பட்டார். "சரியா காயாம வெச்சிட்டேன்யா."

விரிசல் விட்டதையே அச்சாக வைத்து மேலே பழைய பேப்பர், மைதாப் பசை. ஒன்று காய்ந்ததும் அடுத்த அடுக்கு. கொம்புகளுக்குப் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி வைத்திருக்கிறேன். வீடு முழுக்கப் பசை நாற்றம். எறும்பு.

22-6, சனி

பிளேடால் இரண்டாக அறுத்து, அச்சிலிருந்து எடுத்து, திரும்ப ஒட்டினேன். கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது. கலா தலைக்குச் சரியாக இருக்கலாம்.

ஒரு சிக்கல். பின்பக்கம் எப்படி இருக்கும்? கடைசிக் கட்டம் முடிந்தால்தான் கொம்பன் முதுகைக் காட்டி நடந்து போவான் என்று கலா சொல்லியிருக்கிறாள். அதுவரை போனது அவள் மட்டும். நான் ஆடிப் பார்த்தேன். பாலத்தைத் தாண்ட முடியவில்லை. விழுகிறேன், விழுகிறேன். கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

23-6, ஞாயிறு

கலா கொல்லைப்புறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் யோசித்ததெல்லாம் மறந்து போயிற்று.

"கலா, கொம்பனுக்குப் பின்னாடி எப்படி இருக்கும்?"

நிமிர்ந்து பார்த்தாள். அத்தை வளர்க்கும் ஆடு கீரையை இழுத்தது. விரட்டினேன்.

"எதுக்கு?"

"செஞ்சிக்கினு இருக்கேன். முன்பக்கம் முடிஞ்சிது."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தாள் போல. பிறகு கீரைக் காம்பால் தரையில் கோடு இழுத்தாள்.

"மஞ்சளா மூணு பட்டை. இப்பிடிக் குறுக்கால. அதுக்குக் கீழ செவப்புத் துணி தொங்கும்."

"துணி ஆடுமா?"

"நடக்கச்சொல்ல ஆடும்."

அவ்வளவுதான். மறுபடி கீரை. கிளம்பும்போது அத்தை வாசல் வரை வந்தார். "மாப்ள, உங்ககிட்ட பேசுனாளா? இன்னா பேசுனா?"

"ஒரு விவரம் கேட்டேன் அத்தை."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் வந்துவிட்டது.

27-6, வியாழன்

கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்ட். மஞ்சள் பட்டைகள். டெய்லர் கடையில் சிவப்புத் துண்டுத் துணி, சும்மாவே கொடுத்தார். கண் துவாரத்தைச் சுற்றி நீலம் என்று முடிவு. மழை மாதிரி வந்தது, தூறலோடு சரி.

30-6, ஞாயிறு

உள்விளிம்புக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, ஸ்ரீமுஷ்ணம் போகச் சட்டை மாட்டினேன். வாசலில் கலா. தனியாகப் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் துணிப்பை.

"எங்க அது?"

எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணு பச்சைங்க. நீலம் அடிச்சிருக்கீங்க."

"டிவி கலர்னு நெனச்சேன்."

"பச்சைதான்."

தலையில் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பொருந்தியிருக்கிறது. நல்லா இருக்கா என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. உள்ளேயிருந்து குரல், பானைக்குள் பேசுவது போல.

"அன்னிக்கு நர்சம்மா கொழந்தயக் காட்டட்டுமான்னாங்க. நான் வேணான்னுட்டேன். நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

இதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"முடி இருந்துதா?"

"இருந்துது. மெலிசா."

"மூக்கு?"

"உன் மூக்குதான்."

"கையெல்லாம்?"

"எல்லாம் இருந்துது கலா. வெரல மடக்கி வெச்சிக்கினு இருந்தா."

கொம்பு மூன்றும் ஆடின. சத்தம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னும் கேட்டாள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எங்கே புதைத்தோம் என்பதையும்.

வெகுநேரம் கழித்துக் கழற்றினாள். உள்விளிம்பு காயவில்லை, இரண்டு கன்னத்திலும் சில்வர். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன்.

"எரியுதுங்க."

ஊதினேன்.