நான் அடித்த வெள்ளை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பா, தம்பி, தம்பி பெண்டாட்டி மூவரும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். என் சௌக்கியத்தைக் கடைசியில் எழுதலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் நீ எந்தக் கடிதம் வந்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள் காலையில் எனக்குக் கண் ஆபரேஷன். வலது கண்ணில். இடது கண் பிறந்ததிலிருந்து வெளிச்சத்தையும் நிழலையும் தவிர வேறெதையும் காட்டினதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான், எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான். பதறாதே. இது உன் கைக்கு வரும்போது கட்டை அவிழ்த்திருப்பார்கள். போனில் சொன்னால் நீ அடுத்த விமானத்தைப் பிடித்து வாசலில் வந்து நிற்பாய், சேர்ந்த வேலை இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை, அதனால்தான் தபால். கட்டு அவிழ்க்கிறவரை யாரும் உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அப்பாவிடமும் தம்பியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அப்பா, நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். வரி ஏறி இறங்கி இருந்தால் பொறுத்துக்கொள்.

ஏம்மா ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கே என்று வாராவாரம் நீ கேட்பாய், நானும் எனக்குச் சளி, டாக்டரம்மா லீவு, அப்பாவுக்கு வேலை அதிகம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒப்பேற்றினேன். உண்மையான காரணம் ஒரு ஏரோபிளேன். சிரிக்காதே, முழுசாகக் கேள். பல் டாக்டர் கிளினிக்கை மூடினார் என்று சொன்னேனே, கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டு, இத்தனை வருஷம் பின்னால இருக்கிற ரூம்ல உக்காந்து ஊருக்கெல்லாம் பல் செட் செஞ்சு குடுத்தீங்க, வேணுங்கறதை எடுத்துக்கிட்டுப் போங்க என்றார். அரங்கள், மெழுகுக் கத்தி, ராவுகிற சின்ன மெஷின், இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்கு உறை செய்வோமே, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சிப் படியவைக்கிற மெஷின், எல்லாம் எடுத்துக்கொண்டேன். அலமாரியின் அடித்தட்டில் பிளாஸ்டர் தாடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய அட்டைப்பெட்டி. மேலே, இரண்டு எஞ்சின் வைத்த அந்தக் காலத்துப் பயணிகள் விமானம் மேகத்துக்கு மேல் பறக்கிற படம். உள்ளே துண்டு துண்டாகப் பிளாஸ்டிக், நாமே வெட்டி ஒட்டிச் செய்ய வேண்டியது. டாக்டர் காலேஜில் படிக்கும்போது வாங்கினாராம். பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்துவிட்டார், பாவம். அதையும் அள்ளிக்கொண்டு வந்தேன். கண்ணாஸ்பத்திரியில் தேதி கொடுத்த அன்றைக்குத்தான் பெட்டியைப் பிரித்தேன், இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். சின்னப் பெண், பொறுமைசாலி. சரி, ஆனா புரையை ரொம்ப முத்தவிட்டா எடுக்கறது கஷ்டம், சீக்கிரம் வாங்க என்றாள். இந்தக் கண் கத்தியைப் பார்க்கும் முன்னால் ஒரு வேலையையாவது முழுசாகச் செய்து பார்த்துவிடட்டும் என்பது என் எண்ணம். மற்றவர்களுக்கு ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது. என் வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாதடி.

முடிப்பதாவது! ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பல்லைக் காட்டியது. ஒரு இறக்கை பெட்டிக்குள்ளேயே கிடந்து வளைந்துபோயிருந்தது, வெந்நீரில் போட்டு நிமிர்த்தினேன். உடம்பு முழுக்க ஆணித் தலைகளைப் புடைப்பாக வார்த்திருந்தார்கள், நிஜ விமானமாக இருந்தால் ஒவ்வொரு ஆணியும் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும், அத்தனையையும் ராவித் தள்ளிவிட்டு, சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கிற ஊசியால் தகடுகளின் கோடுகளைப் புதிதாகக் கீறினேன். விமானி உட்காரும் இடத்தில் வெறும் இரண்டு முக்காலி மாதிரி எதையோ வைத்திருந்தார்கள், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கிற கம்பியில் நெம்புகோல்களும், சாக்லெட் சுற்றிவருகிற ஈயத்தாளில் பெல்ட்டும் செய்தேன். முன்கண்ணாடி பாட்டிலின் அடிப்பாகம்போலத் தடித்து மங்கி இருந்தது, பிளாஸ்டரில் அச்சு செதுக்கி உறிஞ்சுகிற மெஷினில் வைத்து இழுத்தேன், முட்டை ஓட்டுக்குள் இருக்கும் தோல் கனத்துக்கு அருமையாக வந்தது. மூக்கு மட்டும் சப்பை. பெட்டிப் படத்தில் இருப்பது கூர்மையான மூக்கு, உள்ளே வந்தது குத்துச்சண்டைக்காரன் மூக்கு. என்னிடம் இருந்தது ஈறுக்குப் போடுகிற ரோஸ் கலர் பசைதான், அதையே வைத்து இழைத்தேன். உன் அப்பா பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள்ல உன் ஏரோபிளேனுக்குப் பல் முளைச்சிடும் என்றார். இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி, இணைப்பு விரலுக்குத் தட்டாதபடி தேய்த்த அன்றைக்கு எனக்கு இருபது வயசு குறைந்ததுபோல இருந்தது. அதன் பிறகும் மனம் அடங்கவில்லை, சமைக்கிறபோதுகூடப் பாதியில் எழுந்துபோய் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்புறம்தான் வந்தது வெள்ளை. விமானத்துக்கு உடம்பெல்லாம் வெள்ளை அடிக்க வேண்டும், அதன் மேல் தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டுகிற எழுத்துகளும் கோடுகளும் வர வேண்டும். பெட்டியில் வந்த எழுத்துத்தாள் வயசாகிப் பழுப்பேறிக் கிடந்தது. ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தால் பழுப்பு போய்விடும் என்று சாமான் வாங்கின கடைக்காரர் சொன்னார். அடுக்களை ஜன்னலில் ஒட்டினேன். எத்தனை வெயில் அடித்தும் எனக்கு அது பழுப்பாகவே தெரிந்தது. அப்பாவைக் கேட்டால், தெளிஞ்சிடுச்சே என்பார், இவர் எப்போது எதை ஒழுங்காகப் பார்த்தார் என்று விட்டுவிட்டேன். பெயின்ட் பாட்டிலைத் திறந்தால் அந்த வெள்ளையும் சரியில்லை, சிகரெட் பிடிக்கிறவன் பல் மாதிரி இருந்தது. பல் நிறம் பார்த்துப் பொருத்துவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று டாக்டரே சொல்வார், என்னிடமா இந்த வேலை என்று சொட்டு நீலம் விடுகிற மாதிரி அதில் ஒவ்வொரு சொட்டாக நீலம் சேர்த்து, கலக்கி, அடித்து, காயவிட்டு, போதாது என்று மறுபடி சேர்த்து அடித்தேன். கடைசியில் தும்பைப்பூ வெள்ளை வந்தது. இதற்கு நடுவில் வீட்டில் திரைச்சீலை, தலையணை உறை, உன் அப்பாவின் பனியன், எதுவும் வெளுக்கவில்லை. சோப்பை மாற்றினேன், சோப்புக்காரனைத் திட்டினேன், டியூப் லைட்டை மாற்றச் சொன்னேன். அப்பா வாயே திறக்காமல் மாற்றினார். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒரு வேலையைச் செய்கிறார் என்றால் எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். அவள் துணிக்கடையில் நிற்கிறவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள் என்று உனக்கு எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். மேஜை மேலிருந்த விமானத்தைக் கையில் எடுத்து, நிஜமாகவே ஆசையோடு, அத்தை, இந்த வெளிர் நீலம் கண்ணை அள்ளுது, எங்க கடைல இந்தக் கலர்ல துணி வந்தா மத்தியானத்துக்குள்ள வித்துடும் என்றாள். அது வெள்ளை என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். தம்பி டீ டம்ளருக்குள் எதையோ தேடினான். உன் அப்பா மின்விசிறியை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய் ஜன்னலில் ஒட்டியிருந்த எழுத்துத்தாளைப் பிய்த்துக்கொண்டுவந்து அவளிடம் மட்டும் நீட்டி, இது என்ன நிறம், சொல்லு என்றேன். கொஞ்சம்கூடப் பழுப்பு இல்லை அத்தை, புதுசு மாதிரி இருக்கு என்றாள். எனக்காக அவள் ஒருநாளும் பொய் சொல்ல மாட்டாள், எங்கள் சண்டைகளில் பாதிக்கு அதுதான் காரணம். பழுப்பு தாளிலும் இல்லை, பாட்டிலிலும் இல்லை, தலையணை உறையிலும் இல்லை. என் கண்ணுக்குள் இருந்திருக்கிறது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன்.

அவர்கள் போனதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன், உங்களுக்கு முன்னாலேயே தெரியும்தானே என்றேன். நீ உத்து உத்துப் பாத்து அவ்வளவு ஆசையா அடிச்சே, எந்த வாயால சொல்றது என்றார். லிப்ட் மெக்கானிக் இல்லையா, லிப்ட் நடுவில் நின்று மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று, ஒண்ணுமில்லைங்க, இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று சொல்லிச் சொல்லியே வேலை பார்த்துப் பழகின மனுஷன். என்னையும் அப்படி உள்ளே நிற்கவைத்துவிட்டாரே என்று கோபம் கோபமாக வந்தது. திட்டினேன். திட்டிக்கொண்டே இருந்தபோது அவர் கண் நிறைந்துவிட்டது, அந்தக் கருமமும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, சட்டையில் துடைத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இந்தக் கடிதத்தையே எழுந்து எழுந்து போய்த்தான் எழுதுகிறேன், அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை பார்த்தாயிற்று, அடுப்பை இன்றைக்குப் பற்றவைக்கவே இல்லை. கிளினிக்கில் கடைசியாக நான் நிறம் பார்த்துக் கொடுத்த பற்கள் யார் யார் வாயில் என்ன நிறத்தில் இருக்கின்றனவோ என்று வேறு ஒரு கவலை. தெருவில் யாராவது சிரித்தால் பக்கென்கிறது. ஆபரேஷன் சின்னதுதான், ஊசிகூட வலிக்காதாம், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாமாம், டாக்டரம்மா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். நூற்றில் ஒருத்தருக்குக்கூடக் கெடுவதில்லை என்றாள். அந்த ஒருத்தருக்கு இன்னொரு கண் இருந்திருக்கும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வலிக்கு இல்லை. கை இரண்டும் நன்றாக இருந்தும், அதற்கு ஒரு வேலையும் இல்லாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டி வந்துவிடுமோ என்று பயம். என்னால் சும்மா உட்கார முடியாது, உனக்குத் தெரியும்.

தம்பி, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு உண்மையான வெள்ளையை நானே அடித்துத் தருகிறேன் என்றான். தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன். எழுத்துகளும் இன்னும் ஒட்டவில்லை, அப்படியே இருக்கட்டும். இத்தனை நாள் எதை வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்தேன் என்று நான் என் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு நானே சுரண்டிக்கொள்வேன். கட்டு அவிழ்த்ததும் முதலில் என்னைப் பார்ப்பாயா ஏரோபிளேனைப் பார்ப்பாயா என்று உன் அப்பா கேட்கிறார். உங்க பனியனைத்தான் முதலில் பார்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். தம்பி பெண்டாட்டி ஆபரேஷனுக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கப் போகிறாளாம், பக்கத்தில் இருந்து நடப்பதை நடக்கிறபடியே சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நான்தான் கேட்டேன். அவளிடம் இனிமேல் போனில் நாலு வார்த்தை கூடப் பேசு, நான் சொன்னதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே.

நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடுகிறாய் என்று மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார், அவரோடு சண்டைக்குப் போகாதே, ஒரு முட்டையாவது தின்றுவிட்டுப் போ. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டு இருக்கிறாய், நீயும் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிட்டு வா, எதுவும் இல்லையென்றாலும் பரவாயில்லை, காட்டு. குளிருக்கு அனுப்பின கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், ஒருத்தரிடம் ஒருத்தர் எதையும் மறைக்காமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தக் கடிதத்துக்குப் பதிலைப் போனில் சொல்லாதே, கையால் எழுதி அனுப்பு. எப்போதும் எழுதுவாயே, எறும்பு ஊர்கிற மாதிரி பொடிப்பொடி எழுத்து, அதிலேயே எழுது. எனக்காகக் கொட்டை கொட்டையாக எழுதிவிடாதே. அப்பா படித்துக் காட்ட வேண்டாம். நான் படிக்க எழுது.

உன் அம்மா