நாலே முக்கால் பஸ்ஸும் நாம் பார்க்காத முடிவுகளும்

ஜன்னல் சீட்டை ஒருநாள்கூட எனக்கு விட்டுக்கொடுக்காத என் சிநேகிதி அமலாவுக்கு,

நீ கண் மூடி ஒரு வருஷம் ஆகப் போகிறது. பூம்பாறையில் இந்தத் தடவை பூண்டு நல்ல விளைச்சல். நம்ம லாட்ஜில் ரூம் கூட்ட உன் இடத்துக்கு ஒருத்தி வந்திருக்கிறாள். பெட்ஷீட் மடிக்கத் தெரியாது, வாய் மட்டும் உன்னை மாதிரியே. அதனால் பொறுத்துக்கொள்கிறேன்.

ஸ்டெல்லா விஷயம் சொல்லணும். உன் மகள் வத்தலக்குண்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. மாப்பிள்ளை கை நீட்டுகிறான். முதலில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா"ன்னுதான். நீ இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாய்.

போன வாரம் அவள் கேட்டாள், "பெரியம்மா, நீங்களும் அம்மாவும் பார்த்ததிலேயே ரொம்பப் பிடிச்ச படம் எது?"

எதைச் சொல்ல? ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்தோமா? புதன்கிழமை லீவு, மேட்னி ஷோ. நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் வீட்டுக்கு வேறு வண்டி கிடையாது. கிளைமாக்ஸ் வருகிற நேரம் பார்த்து நீ என் முந்தானையைப் பிடித்து இழுப்பாய். மிச்சப் படத்தை பஸ்ஸில் நாமே ஓட்டுவோம்.

வாய்க்கால் தகராறுப் படத்தில் அண்ணனும் தம்பியும் அரிவாளோடு நின்றார்களே, அவர்களை நீ உட்காரவைத்துச் சோறு போட்டாய். குதிரையைத் தொலைத்த கிழவர் படத்தில் நான் குதிரையைச் சாகடித்தேன். நீ அதை நம்ம ஏரிக்கரையில் சவாரிக்கு விட்டாய். கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்காமல் கேட்டுக்கொண்டு நிற்பார். அப்புறம் அந்தப் படங்களை டிவியில் போட்டபோதும், "நம்ம முடிவு கெட்டுப்போயிரும்டி"ன்னு நீதான் அணைத்தாய்.

ஒன்றில் மட்டும் நாம் ஒத்துப்போகவே இல்லை. புருஷன் வீட்டை விட்டு வந்தவள் மழையில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற படம். பாட்டும் கிடையாது, அழுகையும் கிடையாது. புடவையைப் பிழிந்துவிட்டு, பெட்டி மேலேயே உட்கார்ந்துவிடுவாள். அவள் உட்கார்ந்த அந்தத் தோரணைக்காகவே நம் ரெண்டு பேருக்கும் அந்தப் படம் உசிர். ஆனால் "திரும்பித்தான் போவா"ன்னு நான். "போகவே மாட்டா"ன்னு நீ. பதினோரு வருஷச் சண்டை.

அதைத்தான் சொன்னேன். ஸ்டெல்லா போனில் தேடி எடுத்துவிட்டாள். உன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். நாம் பார்க்காமல் விட்ட இருபது நிமிஷம். புருஷன் வந்து அழுதான், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள். ஜெயித்தது நான்தான் அமலா. தோற்றிருக்கலாம் என்று இருந்தது.

ஸ்டெல்லா போனைக் கவிழ்த்து வைத்தாள். "அப்போ நானும் போயிரட்டுமா பெரியம்மா?" ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் அவளைக் கூட்டிப்போக வருகிறார்கள்.

"அது படம் எடுத்தவங்க முடிவு. உங்க அம்மா முடிவுல அவ போகலை" என்றேன்.

"போகாம?"

நீ பஸ்ஸில் சொன்னது அத்தனையும் சொன்னேன். அந்தப் படத்துப் பொண்ணு வெள்ளனே முதல் பஸ் ஏறினாள். ஒரு ஆஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாளே சோறு குழைந்துபோச்சு, ஆனால் யாரும் அவளை அடிக்கவில்லை.

ஸ்டெல்லா சிரித்தாள். "சோறு குழைஞ்சதைக்கூட அம்மா சொன்னுச்சா?" அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் போகலை பெரியம்மா. அவங்க வர்றப்ப நீங்க பக்கத்துல இருப்பீங்கள்ல?" என்றாள்.

இனி யார் கேட்டாலும் எனக்குப் பிடித்த படம் அதுதான். தியேட்டரில் ஓடினது இல்லை, பஸ்ஸில் நீ ஓட்டினது.

ஞாயிற்றுக்கிழமை வரட்டும். உன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். காப்பி கொடுப்பேன், வாங்க போங்கன்னுதான் பேசுவேன், பிள்ளையை அனுப்ப மாட்டேன். எத்தனை பஸ் போனாலும் போகட்டும் அமலா. இந்தத் தடவை கடைசிவரை இருந்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் மகளுக்குப் பெரியம்மா,
முத்துலட்சுமி